இதய ஆய்வுகளை எங்கே பின்தொடர்வது: நேரலையா, ஜர்னலா, கைட்லைனா?

2025 ஆகஸ்ட் 30 அன்று மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய இதயவியல் சங்க மாநாட்டில் ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டு பதில்கள் வந்தன. மாரடைப்பு வந்து பிழைத்து, இதயத்தின் பம்ப் திறன் பெரிதாகக் குறையாமல் இருப்பவர்களுக்கு, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை வேண்டுமா என்பது கேள்வி. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சுமார் 8,500 பேரிடம் நடந்த ரீபூட் ஆய்வு, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் 5,574 பேரிடம் நடந்த பீட்டாமி-டான்பிளாக் ஆய்வு, இல்லை, கொஞ்சம் பயன் இருக்கிறது என்றது. இரண்டையும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் அன்றைக்கே வெளியிட்டது. நான் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிடத்தில் தலை சுற்றிவிட்டது.

மூன்றாம் நாள் ஒருவர் நெஞ்சு படபடக்கிறது என்று வந்தார். "பீட்டா பிளாக்கர் வீண்" என்ற மாதிரி ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். அப்படித் திடுதிப்பென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், அது பழைய செய்தி. மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். "அப்போ அந்த ஆய்வு பொய்யா டாக்டர்?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

இதயத்தைப் பற்றி வரும் புது ஆய்வுகளைப் பின்தொடர எது உருப்படியான வழி என்று நான் உட்கார்ந்து யோசித்தது அதற்கப்புறம்தான். நான் பொது மருத்துவர். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதோ ஒன்று இருக்கும். படிக்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தேறும், அதுவும் தூக்கத்திடம் வாங்கிய கடன். நேரலை, செய்தி, ஜர்னல், ஆடியோ, கைட்லைன் (மருத்துவச் சங்கங்கள் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டி), ஏஐ, நண்பர்களோடு கூடிப் படிப்பது என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு காலத்தில் முயன்றிருக்கிறேன், சிலவற்றில் நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன்.

நேரலையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் போதை. மார்ச் ஏப்ரல் வாக்கில் அமெரிக்க இதயவியல் கல்லூரி, ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பியர்கள், நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கம் என்று இந்த மூன்று மாநாடுகளின் வாரக் கடைசிகளில்தான் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் வெளிவரும். சமூக ஊடகத்தில் சரியான பத்துப் பேரைப் பின்தொடர்ந்தால், மேடையில் ஸ்லைடு மாறுவதற்குள் அதன் படம் உங்கள் கைக்கு வந்துவிடும். வேகத்தில் இதை அடிக்க எதுவும் கிடையாது. ஆனால் கைக்கு வருவது ஒரு படமும் ஒரு வரியும்தான். மாட்ரிட்டில் அந்த இரண்டு ஆய்வுகளும் ஏன் முரண்பட்டன என்பதற்கான துப்பு எந்தப் படத்திலும் இல்லை. ரீபூட் கணக்கில் எடுத்தது சாவு, மறு மாரடைப்பு, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது என்ற மூன்றைத்தான். நார்வே, டென்மார்க் ஆய்வாளர்கள் அவற்றோடு பக்கவாதம், திட்டமிடாத ஸ்டென்ட் அல்லது பைபாஸ், உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு என்று கூடையைப் பெரிதாக்கியிருந்தார்கள். அந்தக் கூடையில் மாத்திரை எடுத்தவர்களில் 14.2 சதவீதம், எடுக்காதவர்களில் 16.3 சதவீதம் விழுந்தார்கள், வித்தியாசத்தில் பெரும் பங்கு மறு மாரடைப்பில் வந்தது. இதை எல்லாம் தெரிந்துகொள்ள முழுக் கட்டுரையைத் திறந்தாக வேண்டும், போனை உருட்டி ஆகாது.

இதில் இன்னொன்று. பம்ப் திறன், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 40 முதல் 49 சதவீதம் வரை இருப்பவர்களை மட்டும் இந்த ஆய்வுகளிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு அதே மாநாட்டில் வந்து லான்செட் ஜர்னலிலும் வெளியானது. அவர்களுக்கு மாத்திரையால் பயன் உண்டு என்பது அதன் முடிவு. நேரலையில் மூழ்கிக் கிடந்த நான் அதைக் கவனித்தது ஒரு வாரம் கழித்து. அப்புறம் நவம்பரில், 50 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களை ஐந்து ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பயன் தெரியவில்லை. ஆக, என்னைக் குழப்பிய விஷயம் பத்துப் பதினோரு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிட்டது. நடுவில் நான் செய்த ஒரே வேலை கவலைப்பட்டது.

நேரலையின் இன்னொரு ஆபத்து துணைக்குழுக்கள். "பெண்களில் மட்டும்", "எழுபதைத் தாண்டியவர்களில் மட்டும்" என்று ஒரு வரியை வெட்டி எடுத்துப் போட்டால் அது காட்டுத்தீயாகப் பரவும். 1988-ல் வந்த ஐசிஸ்-2 ஆய்வை நினைத்துக்கொள்கிறேன். 17,187 பேர். மாரடைப்பு வந்த சூட்டோடு ஆஸ்பிரின் கொடுத்தால், ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் நேரும் சாவு 23 சதவீதம் குறைகிறது என்று நிறுவிய ஆய்வு அது. துணைக்குழு வாரியாகவும் பிரித்துக் காட்டச் சொன்னபோது, ஆய்வாளர்கள் பிறந்த ராசிப்படியும் பிரித்தார்கள். மேற்கத்தியக் கணக்கில் மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை! மற்ற ராசிகளுக்கு அமோகம். பிரித்துக்கொண்டே போனால் எங்காவது இப்படி ஒன்று தற்செயலாக முளைக்கும் என்று காட்டத்தான் அதை அச்சிலேயே போட்டார்கள். ஜாதகம் பார்த்து மாத்திரை எழுதுகிற அளவுக்கு நாம் போய்விடக் கூடாது என்பதற்காக இந்தக் கதையை ஜூனியர்களிடம் வருடம் ஒரு முறையாவது சொல்லிவிடுவேன்.

செய்தித்தாள், டிவி, நிறுவனங்களின் பத்திரிகைக் குறிப்பு பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. நோயாளி நாளைக்கு என்ன கேட்பார் என்று தெரிந்துகொள்ள அவை உதவும், சிகிச்சையை முடிவு செய்ய உதவாது. சக நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்னரே போடப்படும் பிரிபிரிண்ட்டுகளும் என் மாதிரி ஆளுக்கு வேண்டாம். அந்தத் துறையிலேயே ஆய்வு செய்பவருக்கு அது தேவை, எனக்கு அது வேகாத சோறு.

சரி, ஜர்னல்களுக்கு நேராகப் போய்விடலாமே? போனேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் பத்துச் சொற்களுக்கு அலர்ட் வைத்தேன், ஐந்து ஜர்னல்களின் பொருளடக்கம் மெயிலில் வரும்படி செய்தேன். இரண்டு மாதத்தில் படிக்காத மெயில் நூற்றுக்கணக்கில் சேர்ந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வேறு. இப்போது அத்தனையையும் நிறுத்திவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் இருபது சுருக்கத்தை மேய்வதைவிட ஒரே ஒரு கட்டுரையை உட்கார்ந்து படிப்பது எனக்கு அதிகம் தந்திருக்கிறது.

எப்படிப் படிக்கிறேன் என்று ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். 2019-ல் வந்த டாபா-ஹெச்எஃப். சர்க்கரை நோய்க்கு வந்த டாபாக்லிஃப்ளோசின், சர்க்கரை இல்லாதவர்களையும் சேர்த்து, இதயச் செயலிழப்புக்கு உதவுமா என்று 4,744 பேரிடம் பார்த்தது. எல்லோரும் பரப்பியது "26 சதவீதம் குறைந்தது" என்ற வரியை. நான் முதலில் தேடுவது நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் முற்றியது அல்லது இதயத்தால் சாவு நேர்ந்தது என்ற எண். போலி மாத்திரை எடுத்தவர்களில் 21.2, மருந்து எடுத்தவர்களில் 16.3, காலம் சுமார் ஒன்றரை வருடம். நூற்றுக்கு ஐந்து பேர் தப்பிக்கிறார்கள், அதாவது இருபது பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு பெரிய இடர் விலகுகிறது. 26 என்பதும் உண்மைதான், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல எனக்குப் பயன்படுவது இருபதுக்கு ஒன்று. அடுத்தது முதல் அட்டவணை: யாரைச் சேர்த்தார்கள்? பம்ப் திறன் 40-ம் அதற்குக் கீழும் உள்ளவர்கள், சராசரி வயது 66, நாலில் மூன்று பேருக்கு மேல் ஆண்கள். என் எதிரே இருப்பவர் 84 வயதுப் பாட்டி என்றால், மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது, ஆனால் எவ்வளவு தூரம் இட்டு நிரப்பிக்கொள்கிறேன் என்பதாவது எனக்குத் தெரியும்.

மூன்றாவதாகப் பார்ப்பது, அளந்தது எதை என்று. இதில் எனக்குப் பாடம் காஸ்ட் என்ற ஆய்வு. மாரடைப்புக்குப் பிறகு இடையிடையே தப்பித் துடிக்கும் துடிப்புகள் இருப்பவர்கள் அதிகம் சாகிறார்கள், ஆகவே அந்தத் துடிப்புகளை அடக்கினால் சாவு குறையும் என்று எல்லோரும் நம்பிய காலம். ஃப்ளெகைனைடும் என்கைனைடும் துடிப்புகளை அழகாக அடக்கின, இசிஜி சுத்தமாக இருந்தது. 1989-ல் முடிவு வந்தபோது, அந்த மருந்துகளை எடுத்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். அதனால் ஒரு புது மருந்து ஏதோ ஓர் எண்ணைக் குறைத்தது, ஏதோ ஒரு படத்தை அழகாக்கியது என்று மட்டும் வந்தால் நான் கை வைப்பதில்லை, பாராட்டிவிட்டுக் காத்திருக்கிறேன்.

பெரிய ஜர்னலில் வந்தால் நம்பலாம் என்பதும் முழுசாகச் சரியில்லை. மத்தியதரைக்கடல் உணவு பற்றிய ப்ரெடிமெட் ஆய்வு 2013-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. யாருக்கு எந்த உணவு என்று குலுக்கிப் போட்டதில் சில இடங்களில் கோளாறு நடந்திருந்தது தெரியவந்து, 2018-ல் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை, உறுதிதான் ஒரு படி இறங்கியது. 2020-ல் நடந்தது இன்னும் மோசம். கோவிட் வந்தவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரைகள் ஆபத்தா என்று பார்த்த ஒரு கட்டுரை மே மாதம் வந்தது, தரவே நம்பத் தக்கதல்ல என்று ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. சுடச்சுடப் படித்தவர்கள் எல்லோரும் அதை ஒரு மாதம் நம்பினோம்.

இனி ஆடியோ. இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் கண் ஓய்ந்த பிறகும் காது வேலை செய்யும். ஜான் மாண்ட்ரோலா என்ற இதய மின்னியல் நிபுணர் வாராவாரம் பேசும் 'திஸ் வீக் இன் கார்டியாலஜி' மாதிரி ஒன்றைத் தேர்ந்துகொண்டால், அரை மணி நேரத்துக்குள் அந்த வாரத்தின் முக்கிய ஆய்வுகளும் அவற்றின் ஓட்டைகளும் கிடைத்துவிடும். நானே படித்தால் கண்ணில் படாத ஓட்டைகள். ஆனால் பேசுகிறவரின் சாய்வும் சேர்ந்தே உள்ளே போகும், நமக்குத் தெரியாமலே. அவர் கொஞ்சம் சந்தேகப் பிராணி. அது பெரும்பாலும் நல்லது, சில சமயம் ஒரு பக்கமாக இழுத்துவிடும். 2017-ல் வந்த ஆர்பிட்டா ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி உள்ள 200 பேரை மேசையில் படுக்க வைத்து, அறையில் பேசுவது கேட்காதபடி காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டு, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பாதிப் பேருக்கு வைத்த மாதிரி நடித்தார்கள். ஆறு வாரம் கழித்து, ட்ரெட்மில்லில் தாக்குப்பிடித்த நேரத்தில் வித்தியாசம் வெறும் 16.6 விநாடி, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். சந்தேகப் பிராணிகளுக்குக் கொண்டாட்டம்தான், நானும் கொஞ்ச நாள் "நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் எதற்கு" என்று பேசித் திரிந்தேன். 2023-ல் ஆர்பிட்டா-2 வந்தது. நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் அதே நாடகத்தை நடத்திப் பார்த்ததில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. முழுக்க எல்லோருக்கும் போய்விடவில்லை, ஆனால் குறைந்தது. ஒரே குரலை மட்டும் கேட்டதால் ஆறு வருடம் நான் பாதி விஷயத்தோடு ஓடியிருக்கிறேன். இப்போது அதே ஆய்வைப் பற்றி எதிர்த் தரப்பில் நிற்கிற, ஸ்டென்ட் வைக்கிற ஒருவர் பேசுவதையும் தேடிக் கேட்கிறேன்.

கைட்லைன் இதற்கெல்லாம் நேர் எதிர். மெதுவானது, சலிப்பானது, ஐரோப்பியச் சங்கத்தின் கைட்லைன்கள் பெரும்பாலும் நூறு பக்கத்தை ஒட்டி வரும். ஆனால் இலவசம், நிறையப் பேர் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்தது. முழுசாகப் படிக்க வேண்டாம், "புதிதாக என்ன" என்ற அட்டவணையை மட்டும் முதலில் படியுங்கள். அப்புறம் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் உள்ள இரண்டு குறிகளைப் பாருங்கள். ரோமன் எண் எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்பது, ஏ, பி, சி என்ற எழுத்து எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்க இதயக் கைட்லைன்களின் பரிந்துரைகளில் ஏ தரச் சான்று உள்ளவை 8.5 சதவீதம்தான் என்று 2019-ல் ஜாமா என்ற மருத்துவ ஜர்னலில் ஒரு கணக்கு வந்தது. மீதியெல்லாம் அதைவிடக் குறைந்த சான்றையும் அனுபவசாலிகளின் கருத்தையும் நம்பி நிற்பவை. இது தெரியாமல் கைட்லைனை வேதவாக்காக நீட்டினால் அசட்டுத்தனமாகிவிடும்.

மெதுவாக இருப்பதற்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். டாபா-ஹெச்எஃப் வந்தது 2019 செப்டம்பரில், அந்த வகை மருந்தை இதயச் செயலிழப்புக்கு முதல் வகுப்புப் பரிந்துரையாக (ரோமன் எண் ஒன்று, அதாவது மிக அழுத்தமாக) ஐரோப்பியக் கைட்லைன் ஏற்றது 2021 ஆகஸ்டில். கைட்லைனை மட்டும் நம்பியிருந்தவர் ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த மருந்தை எழுதாமல் இருந்திருப்பார், இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் அது சின்ன விஷயமில்லை. சில சமயம் வேகமாகவும் வரும். இதய நோய் வராதவர்களுக்கு முன்கூட்டியே ஆஸ்பிரின் கொடுப்பது பற்றி 2018-ல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன, 2019 மார்ச்சிலேயே அமெரிக்கர்கள் எழுபது தாண்டியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

ஏஐ பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். பயன்படுத்துகிறேன். கட்டுரையை முழுசாகக் கொடுத்து, புரியாத புள்ளியியல் பத்தியை விளக்கச் சொன்னால் பிரமாதமாகச் சொல்கிறது. கட்டுரை இல்லாமல் "சமீபத்தில் என்ன வந்தது" என்று கேட்டால்தான் வம்பு. மாட்ரிட் ஆய்வுகள் இரண்டையும் கேட்டபோது, ஒன்றின் ஆள் எண்ணிக்கையையும் இன்னொன்றின் முடிவையும் ஒட்டிவைத்து, துளித் தயக்கம் இல்லாமல் ஒரு பத்தி கொடுத்தது. எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் பிடித்தேன். தெரியாத ஆய்வாக இருந்திருந்தால் அப்படியே நோயாளியிடம் ஒப்பித்திருப்பேன்.

கடைசியாக, கூடிப் படிப்பது. நாங்கள் நாலு பேர். மாதம் ஒரு கட்டுரை, போனில் ஒரு மணி நேரம். ஒரே ஒரு விதி: ஒருவர் அந்த ஆய்வை நம்பாதவராக நடிக்க வேண்டும், அந்த முறை மாறி மாறி வரும். செப்டம்பர் மாதம் பீட்டா பிளாக்கர் ஆய்வுகள் இரண்டையும் எடுத்தோம், ரீபூட்டை நம்பாதவர் வேடம் எனக்கு. கூடையின் அளவு வேறு என்பதையே நான் அந்தச் சாக்கில்தான் தோண்டிக் கண்டுபிடித்தேன். எதிர்க்க வேண்டும் என்று வரும்போது மனுஷன் பின்னிணைப்பு வரைக்கும் படிக்கிறான். ஆள் சேர்ப்பதும் நேரம் ஒத்துவருவதும் பெரும்பாடு, இரண்டு மாதம் விட்டுப்போனால் குழுவே கலைந்துவிடும், ஆனாலும் நான் முயன்றவற்றில் மனதில் நின்றது இதில் படித்ததுதான்.

ஆகவே என் இரண்டு மணி நேரம் இப்போது இப்படிப் போகிறது: வாரம் அரை மணி ஆடியோ, மிச்சம் அந்த மாதத்துக் கட்டுரைக்கு. புதுக் கைட்லைன் வந்தால் அந்த வாரம் மற்றதெல்லாம் லீவு. நேரலையை மூடிவிட்டேன். நீங்கள் தேர்வுக்குப் படிக்கிற பிஜி மாணவர் என்றால் கைட்லைனையும் அதற்கு அடிப்படையான பத்துப் பதினைந்து பெரிய ஆய்வுகளையும் விட்டு நகராதீர்கள். ஸ்டென்ட் வைப்பதும் வால்வு மாற்றுவதும் உங்கள் தொழில் என்றால் மாநாடுகளைத் தவிர்க்க முடியாது, அங்கே ஒரு வருடத் தாமதம்கூட அதிகம். இதய நோயாளியோ வீட்டாரோ என்றால், சங்கங்கள் நோயாளிகளுக்கென்றே எளிதாக எழுதி வைத்திருக்கும் கையேடுகள் போதும். ஒரு தலைப்பைப் பார்த்துப் பதறினால் அதை எழுதிக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள், "இந்த ஆய்வில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா" என்று. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படபடப்போடு வந்தவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. லான்செட் தொகுப்பாய்வைப் படித்து முடித்த அன்று அவருடைய பழைய எக்கோ ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். பம்ப் திறன் 45 சதவீதம். போன் செய்து, அந்த ஆய்வு பொய்யில்லை, ஆனால் உங்கள் எண்ணுக்கு மாத்திரையால் நன்மை இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது, தொடருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த 45-ஐ எனக்கு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லையே டாக்டர்" என்றார்.